கட்டிக்கு ஒரு கணக்கு, காதுக்கு ஒரு கணக்கு

போனை வலது காதில் வைத்தால் குரல் கேட்கிறது. என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடவில்லை. இடது காதுக்கு மாற்றினால் எல்லாம் தெளிவு. செவிநரம்புக் கட்டி உள்ளவர்களில் பலர் டாக்டரிடம் முதலில் சொல்லும் குறை இப்படித்தான் இருக்கும். ஆடியோகிராம், அதாவது எவ்வளவு சத்தம் இருந்தால் காதுக்குக் கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுத்தால் வலது காதின் சராசரி 35 டெசிபல் என்று வரலாம். ஹியரிங் எய்டு போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றவைக்கும் எண் அது. அதே காதில் 50 சொற்களைப் போதுமான சத்தத்தில் ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 15 சொல்தான் சரியாக வரும், அதாவது 30 சதவீதம். வயதாலோ ஆலை இரைச்சலாலோ உட்காதின் மயிர்ச்செல்கள் கெட்டு அதே 35 டெசிபலுக்கு இறங்கிய ஒருவர், அதே பட்டியலில் 90 சதவீதத்தை ஒட்டி வாங்குவார்.

சத்தம் உள்ளே போகிறது, சொல் மூளைக்குப் போய்ச் சேரவில்லை. பழுது நரம்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் ஆடியோகிராம் தாளில் கிடையாது.

இந்தக் கட்டிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் வெஸ்டிபுலர் ஷ்வானோமா. பழைய பெயர் அகூஸ்டிக் நியூரோமா, இன்னும் ரிப்போர்ட்டுகளில் அப்படியே எழுதுகிறார்கள். புற்றுநோய் அல்ல. நரம்புக்கு உறைபோல இருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து, பெரும்பாலும் சமநிலைக்கான நரம்பில் முளைக்கிறது. பக்கத்திலேயே ஓடும் செவிநரம்பு அதற்குப் பலியாகிறது. பல ஆண்டுகள் சிகிச்சை என்றாலே கட்டியைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது: எவ்வளவு பெரிது, வளர்கிறதா, எடுக்கலாமா, கதிர்வீச்சு கொடுக்கலாமா. காது கேட்பது அதன் பின்விளைவாக ஓரத்தில் நின்றது. கடந்த பதினைந்து இருபது ஆண்டு ஆராய்ச்சியில் நடந்த முக்கியமான மாற்றம், காதுக்குத் தனிக் கணக்கு திறந்ததுதான் என்பது என் கருத்து.

சின்னக் கட்டி, பெரிய சேதம்

உட்செவிக் குழாய் என்பது ஏறக்குறைய 1 செ.மீ. நீளமுள்ள எலும்புக் குழல். அகலம் சில மில்லிமீட்டர்தான். அதற்குள் முகநரம்பு, செவிநரம்பு, சமநிலை நரம்பின் இரண்டு கிளைகள், உட்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு மெல்லிய தமனி, எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. செவிநரம்பில் சுமார் 30,000 இழைகள். இந்த இடத்தில் 5 மி.மீ. கட்டி வந்தாலே நெரிசல்தான். அதனால் கட்டி பெரிதாகப் பெரிதாகக் காது போகும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். நடைமுறையில் அப்படி இல்லை. 6 மி.மீ. கட்டியோடு காது அடைத்துப்போனவர்களும் உண்டு, 3 செ.மீ. கட்டியோடு போன் பேசிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

ஏன் இப்படி என்ற கேள்விக்கு மூன்று வழிகளில் விடை தேடுகிறார்கள். நரம்பை நேரடியாக நசுக்குவது ஒன்று. தமனியை நெரித்து உட்காதைப் பட்டினி போடுவது இன்னொன்று. அந்தத் தமனிக்கு மாற்றுப் பாதை கிடையாது, அடைபட்டால் நத்தை எலும்புக்கு, அதாவது கோக்லியாவுக்கு, ரத்தம் இல்லை. திடீரென்று ஒரே நாளில் காது போகிறவர்களுக்கு இது நடந்திருக்கலாம்.

மூன்றாவதுதான் ஆராய்ச்சியைத் திருப்பிவிட்டது. கட்டி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, சுரக்கிறது. பாஸ்டனில் கான்ஸ்டன்டினா ஸ்டான்கோவிச்சின் குழு, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளின் கசிவுநீரை எலிக் குட்டிகளின் கோக்லியாத் துண்டுகள் மேல் விட்டுப் பார்த்தது. காது நன்றாகக் கேட்டவர்களின் கட்டிநீர் பெரிய சேதம் செய்யவில்லை. காது மோசமாக இருந்தவர்களின் கட்டிநீர் கோக்லியாவைச் சிதைத்தது. 2015-ல் வெளியான அவர்களின் கட்டுரை, சேதம் செய்யும் பொருள்களில் ஒன்றாக டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைக் காட்டியது. நோயாளிகளின் எம்.ஆர்.ஐ.யிலும் இதற்கு ஒரு தடயம் தெரியும். ஃபிளேர் என்ற வகைப் படத்தில், கட்டி இருக்கும் பக்கத்துக் கோக்லியாவின் திரவம் மறுபக்கத்தைவிட வெளுப்பாகத் தெரிவதுண்டு. அந்தத் திரவத்தில் புரதம் ஏறியிருப்பதன் அடையாளம் அது. கட்டி தொடாத இடத்திலும் கட்டியின் வேலை நடக்கிறது.

இதன் விளைவு பெரியது. காதைக் கெடுப்பது அழற்சியும் கசிவும் நீர்கோப்பும் என்றால், கட்டியை முழுசாக ஒழிக்காமலே காதைக் காப்பாற்ற மருந்து தேடலாம்.

அளப்பதில்தான் பாதிச் சண்டை

ஒரு மருந்து காதுக்கு உதவியதா என்று எப்படிச் சொல்வது? டெசிபல் சராசரியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாறுவோம் என்பதை மேலே பார்த்தோம். அதனால் இந்த நோயில் பல மருந்துச் சோதனைகள் சொல் மதிப்பெண்ணை முதன்மை அளவாக எடுத்துக்கொண்டன. நம் ஊர் ரிப்போர்ட்டில் எஸ்.டி.எஸ். அல்லது டபிள்யூ.ஆர்.எஸ். என்று அது இருக்கும். பல இடங்களில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் அந்த எண்ணுக்கும் ஒரு ஆட்டம் உண்டு. 50 சொல் பட்டியலில் ஒருவர் இன்று 50 சதவீதம் வாங்கினால், காதில் எந்த மாற்றமும் இல்லாமலே அடுத்த முறை 32 முதல் 68 வரை எதுவும் வரலாம். 1978-ல் தார்ன்டனும் ராஃபினும் போட்டுக்கொடுத்த புள்ளியியல் அட்டவணை இது, இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 50-லிருந்து 60-க்கு ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்படவும் முடியாது, 40-க்கு இறங்கினால் கலங்கவும் வேண்டாம். 70-ஐத் தொட்டால்தான் உண்மையான ஏற்றம். 25 சொல் வைத்துச் சோதித்தால் இந்த ஆட்டம் இன்னும் அகலமாகும். நேரம் மிச்சம் பிடிக்க 25 சொல்லோடு நிறுத்துவது வழக்கம். இந்த நோயாளிக்கு அது போதாது.

தமிழ் பேசுகிறவருக்குத் தமிழ்ப் பட்டியல்தான் வைக்க வேண்டும். சொல்லப்போனால் இதை எழுத வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது, ஆனாலும் இருக்கிறது. ஆங்கிலச் சொல் புரியாமல் குறைந்த மதிப்பெண் நரம்பின் கணக்கில் ஏறிவிடும். கட்டி, தட்டி, பட்டி, சட்டி என்று நான்கு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மெய்யைத் தவிர எல்லாம் ஒன்று. கெட்டுப்போன நரம்பு 'அட்டி' என்ற உயிரொலியையும் தாளத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், முன்னால் வந்த சிறிய மெய்யொலியைத் தொலைத்துவிடும். நீளமான சொற்களை வைத்தால் தாளத்தை வைத்தே ஊகித்துவிடுவார்கள், மதிப்பெண் பொய்யாக உயரும். ஆடியாலஜிஸ்ட் தன் வாயால் வாசிப்பதும் சரியல்ல. அன்றைக்கு அவர் குரல் எப்படியோ அப்படி முடிவு வரும். பதிவுசெய்த பட்டியல், அதே சத்த அளவு, கூடுமானவரை அதே இடம். நல்ல காதில் மறைப்பு இரைச்சல் (மாஸ்கிங்) கொடுத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். கொடுக்காவிட்டால் கெட்ட காதுக்கான கேள்விக்கு நல்ல காது பதில் சொல்லிவிடும்.

காது கேட்கும் அளவை நான்கு வகுப்பாகப் பிரிக்கும் அமெரிக்க முறை ஒன்று பரவலாகப் புழங்குகிறது. ஏ என்றால் சராசரி 30 டெசிபலுக்குள், சொல் 70 சதவீதத்துக்கு மேல். பி என்றால் 50 டெசிபலுக்குள், 50 சதவீதத்துக்கு மேல். இந்த இரண்டையும்தான் 'பயன்படும் கேள்வி', அதாவது பயன்படும் அளவுக்குக் காது கேட்பது, என்று ஆய்வுகளில் எழுதுகிறார்கள். சொல் 50-க்குக் கீழே போனால் டெசிபல் எதுவானாலும் டி. ஒரு சிகிச்சை 'காதைக் காப்பாற்றியது' என்று படித்தால், எந்த வகுப்பு, எத்தனை ஆண்டு கழித்து என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு பொறி உண்டு. ஒரு பக்கக் காது திடீரென்று போனால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள், வழக்கமாகப் பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 மி.கி., அதிகபட்சம் நாளுக்கு 60 மி.கி., ஒன்றிரண்டு வாரம். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். காது திரும்பிவிட்டால் எல்லோரும் நிம்மதியாகி ஸ்கேனை விட்டுவிடுகிறார்கள். செவிநரம்புக் கட்டியால் போன காதும் ஸ்டீராய்டில் திரும்பும், அழற்சியும் வீக்கமும் வடிவதால். திரும்பியது என்பதால் கட்டி இல்லை என்று ஆகாது. பெரா டெஸ்ட் (ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அலைகளை அளக்கும் சோதனை) நார்மல் என்பதும் போதாது, 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளை அது தவறவிடும். எம்.ஆர்.ஐ.தான் எடுக்க வேண்டும். அதுவும் பொதுவான மூளை ஸ்கேனாக இல்லாமல், உட்செவிக் குழாய்க்கு மெல்லிய வெட்டுகளோடு, தேவைப்பட்டால் கான்ட்ராஸ்ட் ஊசியோடு. சீட்டில் ஐ.ஏ.சி. (உட்செவிக் குழாயின் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் இருந்தால்

பெரும்பாலானோருக்குக் கட்டி ஒரு பக்கம்தான். சின்னதாக இருந்தால் காத்திருந்து ஸ்கேன் எடுப்பது, காமா நைஃப் போன்ற கதிர்வீச்சு, அறுவை, இவற்றில் ஒன்று. கதிர்வீச்சில் கட்டியின் விளிம்புக்கு 12 முதல் 13 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுக்கிறார்கள்; கோக்லியாவுக்கு 4 கிரேக்குள் விழும்படி திட்டம் போடப் பார்ப்பார்கள். கட்டியை அடக்குவதில் இது நன்றாக வேலை செய்கிறது. காதில்? அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 2013-ல் வெளியிட்ட கணக்கில், பயன்படும் கேள்வி முதல் ஆண்டில் 80 சதவீதம் பேரிடம் இருந்தது, 5 ஆண்டில் 48, 10 ஆண்டில் 23. நார்வேயின் பெர்கனில் 100 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை 2023-ல் வந்தது. உடனே கதிர்வீச்சு பெற்றவர்களின் கட்டி 4 ஆண்டில் தொடக்க அளவில் 0.87 மடங்காகச் சுருங்கியது, காத்திருந்தவர்களுக்கு 1.51 மடங்காக வளர்ந்தது. காது கேட்பதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு கணக்கும் தனித்தனி என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இரண்டு காதும் பணயத்தில்

என்.எஃப்.2 என்ற மரபுக் கோளாறு உள்ளவர்களுக்குக் கட்டி இரண்டு பக்கமும் வரும். 22-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாகி, மெர்லின் என்ற புரதம் இல்லாமல் போவதால் வருவது. 1993-ல் இரண்டு குழுக்கள் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. 2022-லிருந்து நோயின் பெயரை 'என்.எஃப்.2 சார்ந்த ஷ்வானோமடோசிஸ்' என்று மாற்றியிருக்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்திருக்காது. பெரும்பாலும் இளவயதில், இருபதை ஒட்டித் தெரியவரும். ஒரு காது போய், அடுத்த காதும் போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே படிப்பதும் வேலைக்குப் போவதும் எப்படிப்பட்ட பாரம் என்று யோசித்துப் பாருங்கள். காதுக்கான மருந்து ஆராய்ச்சி இவர்களுக்காகவே தொடங்கியது, இவர்கள் ஒத்துழைப்பால்தான் நகர்கிறது.

முதல் திறப்பு 2009. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஸ்காட் பிளாட்கினின் குழு, பெருங்குடல் புற்றுக்குக் கொடுத்துவந்த பெவாசிசுமாப் மருந்தை 10 பேருக்குக் கொடுத்தது. கட்டி தனக்கென்று ரத்தக்குழாய் வளர்த்துக்கொள்ள அனுப்பும் வி.இ.ஜி.எஃப். என்ற சமிக்ஞையை அது தடுக்கும். 10-ல் 9 பேருக்குக் கட்டி சுருங்கியது. காதை மதிப்பிட முடிந்த 7 பேரில் 4 பேருக்குக் கேள்வி மேம்பட்டது, 2 பேருக்கு அப்படியே நின்றது, ஒருவருக்கு இறங்கியது. போன காது மாத்திரை ஊசியால் திரும்பும் என்பதை அதுவரை இந்த நோயில் யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டைக் குழாய்கள், கசிந்து கசிந்து நரம்பைச் சுற்றி நீர் கோக்கும். மருந்து அவற்றை ஒழுங்காக்குகிறது, வீக்கம் வடிகிறது, நசுங்கிய ஆனால் சாகாத இழைகள் மறுபடி வேலை செய்கின்றன. முற்றாகச் செத்த இழையை எந்த மருந்தும் எழுப்பாது. அதனால்தான் சொல் மதிப்பெண் பூஜ்யம் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்து வந்த சோதனைகள் அளவு பற்றியவை. 2016-ல் கிலோவுக்கு 7.5 மி.கி. வீதம் 3 வாரத்துக்கு ஒருமுறை 14 பேருக்குக் கொடுத்ததில் 5 பேருக்குக் காது மேம்பட்டது. 2019-ல் வெளியானதில் 22 பேருக்கு 10 மி.கி. வீதம் 2 வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மேம்பட்டவர்கள் 41 சதவீதம். மருந்தை இரட்டிப்பாக்கியதற்கு ஏற்ற பலன் இல்லை. பெரியவர்கள் 15 பேரில் 8 பேருக்குப் பலன், சிறுவர்கள் 7 பேரில் ஒருவருக்கு மட்டும். சின்ன வயதிலேயே நோய் காட்டுகிறவர்களுக்குக் கட்டி முரட்டுத்தனமாக வளர்வது வழக்கம், மருந்துக்கு மசிவதும் குறைவு. இந்த முடிவு மனதைக் கனக்கச் செய்வது, ஏனென்றால் அதிகம் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

இந்தியாவில் பெவாசிசுமாப்பின் பயோசிமிலர்கள், அதாவது மூல மருந்தை ஒத்த மாற்று மருந்துகள், கிடைக்கின்றன, 100 மி.கி., 400 மி.கி. குப்பிகளில். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் கணக்கிட்டால் 300 மி.கி., மூன்று சின்னக் குப்பி, 2 வாரத்துக்கு ஒருமுறை. சலைனில் கலந்து முதல் முறை 90 நிமிடம், ஒத்துக்கொண்டால் அடுத்தது 60, பிறகு 30. டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஸ்டிரிப் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறுவதுதான் மருந்தை நிறுத்த வைக்கும் வழக்கமான காரணங்கள். இளம்பெண்களுக்கு மாதவிலக்கு நின்று சூலகம் பாதிக்கப்படலாம், முன்கூட்டியே பேசிவிட வேண்டும். காயம் ஆறாது என்பதால் அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 28 நாள் இடைவெளி. பல் பிடுங்குவதற்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மருந்தை நிறுத்தினால் பலருக்குக் கட்டி மறுபடி வளர்கிறது, கேட்டதும் போகிறது. எனவே இது ஆண்டுக்கணக்கில் நீளும் ஏற்பாடு. செலவையும் அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

2024-ல் வந்த பிரிகாடினிப் முடிவு இன்னொரு திசை. நுரையீரல் புற்றுக்கான மாத்திரை இது. 40 பேருக்கு நாளுக்கு 180 மி.கி. கொடுத்ததில், முன்பே தேர்ந்தெடுத்த இலக்குக் கட்டிகளில் 10 சதவீதமும், எல்லாக் கட்டிகளையும் சேர்த்தால் 23 சதவீதமும் சுருங்கின. மதிப்பிடத் தக்க காதுகளில் 35 சதவீதம் மேம்பட்டன. செவிநரம்புக் கட்டியைவிட மூளையுறைக் கட்டிகளிலும் மற்ற நரம்புக் கட்டிகளிலும் நன்றாக வேலை செய்தது. பல இடத்தில் கட்டியுள்ள என்.எஃப்.2 நோயாளிக்கு அது சாதாரண விஷயம் அல்ல.

லோசார்டன் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை, ரத்த அழுத்தத்துக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் மாத்திரை ஆயிற்றே. பாஸ்டனில் லெய் ஷூவின் ஆய்வகம் 2021-ல் எலி மாதிரியில் காட்டியது இது: லோசார்டன் கட்டியின் அழற்சிச் சமிக்ஞைகளையும் வீக்கத்தையும் குறைத்துக் காது போவதைத் தடுத்தது, கதிர்வீச்சின் பலனையும் கூட்டியது. நோயாளிகளின் பழைய பதிவுகளிலும் அதே பக்கம் சாய்வு தெரிந்தது. பழைய பதிவு என்பது குறிப்பு, நிரூபணம் அல்ல. ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர், அல்லது பெவாசிசுமாப்பால் அழுத்தம் ஏறியவர், எந்த மாத்திரை என்று தேர்ந்தெடுக்கும்போது டாக்டரிடம் இதைச் சொல்லிப் பேசலாம். அழுத்தம் சரியாக உள்ளவர் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மீதியிருக்கும் காதைக் காப்பதில் இன்னொன்று: ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் உட்காதைக் கெடுப்பவை. வேறு தொற்றுக்காக அட்மிட் ஆனாலும் முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

நரம்பு போனபின்

கட்டியை எடுத்தபோது செவிநரம்பு அறுபடாமல் தப்பியிருந்தால் காக்ளியர் இம்ப்ளாண்ட் (கோக்லியாவுக்குள் மின்முனைகள் வைத்துச் செவிநரம்பைத் தூண்டும் கருவி) வைக்கலாம். தாமதம் கூடாது; அறுவைக்குப் பின் கோக்லியாவுக்குள் நார்த்திசுவும் எலும்பும் வளர்ந்து மாதங்களில் வழி அடைந்துவிடும். இன்னொரு சிக்கல் காந்தம். இம்ப்ளாண்டின் காந்தம் எம்.ஆர்.ஐ.யில் அதே பக்கத்தை மறைத்துவிடும், ஆயுள் முழுக்க ஸ்கேன் தேவைப்படுகிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். எந்த மாடல், எம்.ஆர்.ஐ.யின் காந்த வலிமையை எத்தனை டெஸ்லா வரை தாங்கும், காந்தத்தைக் கழற்ற முடியுமா என்று வாங்குவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

நரம்பே இல்லையென்றால், அதைத் தாண்டி மூளைத்தண்டையே தூண்டும் மூளைத்தண்டு இம்ப்ளாண்ட். லாஸ் ஏஞ்சலிஸில் 1979-ல் வில்லியம் ஹவுஸும் வில்லியம் ஹிட்செல்பெர்கரும் முதலில் வைத்தார்கள். அமெரிக்காவில் 2000-ல், 12 வயதுக்கு மேற்பட்ட என்.எஃப்.2 நோயாளிகளுக்கு அனுமதி வந்தது. சென்னையிலும் செய்கிறார்கள். 3 மி.மீ.க்கு 8.5 மி.மீ. அளவுள்ள தகட்டில் 21 மின்முனைகள். அதை மூளைத்தண்டின் பக்கக் குழிக்குள், கண்ணுக்கு நேரே தெரியாத செவிக் கருவின் (செவிநரம்பு போய்ச் சேரும் நரம்புச் செல் திரளின்) மேல் பதிக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பக்கத்து நரம்புக் கருக்கள் தூண்டப்படும். அதனால் ஆறேழு வாரம் கழித்து முதன்முறை இயக்கும்போது இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே ஒவ்வொரு மின்முனையாகத் திறக்கிறார்கள். ஒன்றில் தொண்டை குறுகுறுக்கும், ஒன்றில் தலை சுற்றும், ஒன்றில் முகம் வெட்டும். அவற்றை அணைத்துவிடுவார்கள். மிஞ்சியவற்றை எது தாழ்ந்த ஒலி, எது உயர்ந்த ஒலி என்று நோயாளியே சொல்லிச் சொல்லி வரிசைப்படுத்த வேண்டும்.

பலருக்கு இதை மட்டும் வைத்துப் பேச்சு புரியாது. கதவு தட்டும் சத்தம், வண்டி ஹாரன், யாரோ கூப்பிடுவது தெரியும். உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டால் வேலை செய்யும். 'பாடு', 'மாடு' இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலத்தான் மூடித் திறக்கும், பார்வைக்கு வித்தியாசமே கிடையாது. பகரத்துக்கு உதடு மூடியிருக்கும் நேரத்தில் ஒலி இல்லை. மகரத்துக்கு மூக்கு வழியாக ஒலி ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கண நேர ஒலி இருக்கிறதா இல்லையா என்பதை இம்ப்ளாண்ட் கொண்டுபோய்ச் சேர்க்கும், மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். உதட்டசைவு வாசிக்கும் பயிற்சியை ஒரு காதாவது கேட்கும்போதே தொடங்கச் சொல்வது இதனால்தான். பார்த்ததைக் கேட்டதோடு ஒத்துப்பார்த்துப் பழக அப்போதுதான் முடியும்.